சொன்ன நாளும் சொல்லாத பெயரும்: 1605 வெடிமருந்துச் சதி வாக்குமூலங்களை வாசித்தல்

சதியின் இயல்பே மறைவு என்பதால், சதிகாரர்கள் தங்கள் செயலுக்கு எழுத்துச் சான்று எதையும் விட்டுவைப்பதில்லை. அவர்கள் பிடிபட்ட பிறகு அரசு எழுதி வாங்கும் வாக்குமூலங்களே பெரும்பாலும் அந்தச் சதியைப் பற்றிய முதல் ஆவணங்களாகவும், பல நேரங்களில் ஒரே ஆவணங்களாகவும் அமைகின்றன. இதனால் வரலாற்றாசிரியர் ஓர் இக்கட்டில் நிற்கிறார். நடந்ததை அறிந்தவர் கைதி ஒருவரே. ஆனால் அவர் பேசுவதோ, தம் உயிரையும் உடலையும் கையில் வைத்திருப்பவர்களின் முன்னிலையில், அவர்கள் கேட்ட கேள்விக்கு, அவர்களுடைய எழுத்தரின் பேனா வழியாக. அந்தச் சொல்லை அப்படியே ஏற்றால் அரசின் கதையே வரலாறாகிவிடும். முழுவதும் தள்ளினாலோ எழுதுவதற்கு எதுவும் மிஞ்சாது. இங்கிலாந்தில் 1605-இல் வெளிப்பட்ட வெடிமருந்துச் சதி இந்த இக்கட்டை ஆராய மிகப் பொருத்தமான வழக்கு ஆகும். அதில் வாக்குமூலங்கள் மட்டுமன்றி, அவற்றின் வரைவுகளும் நகல்களும் அச்சுப் பிரதிகளும், அரசு வழக்குரைஞர் ஓரத்தில் இட்ட குறிகளும்கூட எஞ்சியுள்ளன.

வழக்கும் அதன் தாள்களும்

முதலாம் எலிசபெத்தின் காலத்தில், ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வர மறுத்த கத்தோலிக்கர்கள்மீது கடும் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களுடைய குருமார் நாட்டுக்குள் இருப்பதே துரோகக் குற்றமாயிற்று. 1603-இல் முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபோது இந்த நெருக்கடி தளரும் என்று எழுந்த நம்பிக்கை ஓராண்டுக்குள் கலைந்தது. வார்விக்ஷர் பகுதியின் நிலக்கிழார் ராபர்ட் கேட்ஸ்பி, மன்னரும் பிரபுக்களும் ஆயர்களும் கூடியிருக்கும் நாளில் நாடாளுமன்றத்தையே வெடிவைத்துத் தகர்ப்பதென்று திட்டமிட்டார். தாமஸ் வின்டர், ஜான் ரைட், தாமஸ் பெர்சி, கை ஃபாக்ஸ் ஆகியோரோடு ஐவராக அவர்கள் 1604 மே மாதம் உறுதிமொழி எடுத்தனர். பின்னர் தொகை 13 ஆயிற்று. பெர்சி பெயரில் நாடாளுமன்றத்தை ஒட்டிய வீடொன்று வாடகைக்கு எடுக்கப்பட்டது. 1605 மார்ச்சில் பிரபுக்கள் சபைக்கு நேர்கீழே இருந்த கிடங்கும் கைக்கு வந்தது. அதில் 36 பீப்பாய் வெடிமருந்து விறகுக்கடியில் மறைத்து வைக்கப்பட்டது. அக்டோபர் 26 அன்று மான்டீகிள் பிரபுவுக்கு, கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று எச்சரிக்கும் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. அவர் அதை அரசுச் செயலர் ராபர்ட் செசிலிடம், அதாவது சாலிஸ்பரி பிரபுவிடம், கொண்டுபோய்க் கொடுத்தார். நவம்பர் 4 நள்ளிரவில் நடந்த சோதனையில் கிடங்கருகே ஒரு மனிதர் பிடிபட்டார். (இக்கட்டுரையிலுள்ள தேதிகள் அப்போது இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அமைந்தவை.)

மேற்கண்ட சுருக்கம் எந்தப் பாடநூலிலும் உள்ளதுதான். ஆனால் இதில் அரசு தன் கண்ணால் கண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கடிதம், கிடங்கு, பீப்பாய்கள், பிடிபட்ட ஆள், பெர்சியின் பெயரிலிருந்த வாடகை ஒப்பந்தம் ஆகிய ஐந்தும் அரசு நேரில் அறிந்தவை. திட்டம் யாருடையது, எப்போது தொடங்கிற்று, யார் யார் உறுதி எடுத்தனர், எந்த வரிசையில் சேர்ந்தனர் என்பவையெல்லாம் வாக்குமூலங்களிலிருந்து வந்தவை. நாம் வரலாறு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, நவம்பர் 5-இலிருந்து அம்மாத இறுதிவரை லண்டன் டவர் கோட்டையில் இரண்டு கைதிகள் சொன்னதும் எழுதியதுமே ஆகும்.

கேள்விதான் முதலில் எழுதப்பட்டது

அக்கால ஆங்கில அரசு விசாரணையில், கைதி வாய் திறப்பதற்கு முன்பே கேள்விகள் தாளில் எழுதி எண்ணிடப்பட்டிருக்கும். அரசவையின் ஆணையர்கள் அவற்றை வரிசையாகக் கேட்பார்கள். எழுத்தர் விடைகளைப் படர்க்கையில் தொகுத்து எழுதுவார். கைதி அடியில் கையொப்பமிட, ஆணையர்கள் சான்றொப்பமிடுவார்கள். சாலிஸ்பரியும் நார்தாம்ப்டன் பிரபுவும் தலைமை நீதிபதி பாப்ஹமும், மன்னரின் தலைமை வழக்குரைஞரான எட்வர்ட் கோக்கும் இந்தக் குழுவில் இருந்தனர். எனவே கையில் கிடைக்கும் ஒரு வாக்குமூலத்தில், கைதி தாமாக முன்வந்து சொன்னது எது, கேட்டதற்கு ஆமென்றது எது, கேட்கப்படாததால் சொல்லாமல் விட்டது எது என்ற வேறுபாடு மறைந்துபோகிறது. கேள்வித்தாள் தப்பிப் பிழைத்த இடங்களில் மட்டுமே இந்த வேறுபாட்டை மீட்க முடியும்.

நவம்பர் 6 அன்று எழுதப்பட்ட ஒரு கேள்வித்தாள் அப்படிப் பிழைத்திருக்கிறது; எழுதியவர் மன்னர் ஜேம்ஸே. பிடிபட்டவர் உண்மையில் யார், எங்கே பிறந்தார், பெற்றோர் யார், மார்பிலுள்ள தழும்புகள் எப்படி வந்தன, பெர்சியிடம் வேலைக்குச் சேர்ந்தது எப்படி, பிரெஞ்சு மொழி எங்கே கற்றார், எப்போது யாரால் கத்தோலிக்கரானார் என்று கேள்விகள் அடுக்கப்பட்டுள்ளன. வேறு வழியில் வாய் திறக்காவிட்டால் முதலில் மென்மையான சித்திரவதைகளைப் பயன்படுத்தி, படிப்படியாகக் கடைசி எல்லைவரை போகலாம் என்று இலத்தீன் கலந்த தொடரில் அனுமதியளித்து, இந்த நல்ல வேலையை ஆண்டவர் நடத்தித் தரட்டும் என்று வாழ்த்தியும் மன்னர் முடிக்கிறார். இங்கிலாந்தின் பொதுச்சட்டம் சித்திரவதையை அனுமதிக்கவில்லை. மன்னரின் தனியதிகாரத்தாலோ அரசவையின் ஆணையாலோ மட்டுமே அது நடக்க முடிந்தது. இதே வழக்கை நடத்திய கோக், பிற்காலத்தில் சட்டம் பற்றி எழுதிய பெருநூலில், இந்நாட்டில் சித்திரவதைக்கு இடந்தரும் சட்டம் எதுவும் இல்லை என்று பதிவுசெய்தார். அவர் எழுதியது சரிதான். ஆனால் 1605 நவம்பரில் அந்தச் சட்டத்தின் குரலை அவர் எழுப்பியதாகத் தெரியவில்லை.

ஐந்து நாள்கள்

பிடிபட்டவர் முதலில் தம் பெயர் ஜான் ஜான்சன் என்றார். பெர்சியின் வேலைக்காரர் என்றார். யார்க்ஷரில் நெதர்டேல் ஊர், வயது 36, தந்தை தாமஸ், தாய் எடித் என்றார். உண்மையில் அவர் 1570-இல் யார்க் நகரில் பிறந்தவர், தந்தை எட்வர்ட் ஃபாக்ஸ். ஆயினும் தாயின் பெயர் எடித் என்பது உண்மை. யார்க்ஷரும் உண்மை, வயதும் ஏறக்குறைய உண்மை. நீண்ட நாள் ஸ்பானியப் படையில் ஃபிளாண்டர்ஸில் பணியாற்றிய போர்வீரரான அவர், அரசு உடனே சரிபார்க்கக்கூடிய இடத்தில் பொய்யும், குறுக்குக் கேள்வியில் தடுமாறக்கூடிய இடத்தில் உண்மையுமாகக் கலந்து சொன்னதைக் காண்கிறோம். அவரிடமிருந்த ஒரு கடிதத்தில் ஃபாக்ஸ் என்ற பெயர் காணப்பட்டபோது, அது தாம் வைத்துக்கொண்ட புனைபெயர் என்று உண்மையையே பொய்யாக்கிக் காட்டினார். அதே வேளையில் தம் நோக்கத்தை அவர் மறைக்கவே இல்லை: மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்க வந்ததாகவும், அது நிறைவேறாமற் போனதே வருத்தம் என்றும் நேருக்கு நேர் கூறினார்.

நவம்பர் 7 வாக்குமூலத்தில் அவருடைய உண்மைப் பெயர் வருகிறது. உறுதிமொழி எடுத்ததும் நற்கருணை பெற்றதும், முதலில் ஐவர், பிறகு இருவர், பின்னும் ஐவர் என்ற கணக்கும் வருகின்றன. ஆனால் மற்றவர்களின் பெயர்கள் வரவில்லை. எண்ணிக்கையைக் கொடுத்துப் பெயரைக் கொடுக்காத இந்த இடம் கவனத்துக்குரியது. அதே 7-ஆம் தேதி அரசு வெளியிட்ட அறிவிப்பில் பெர்சி, கேட்ஸ்பி, ரூக்வுட், தாமஸ் வின்டர், ரைட் சகோதரர்கள், கிரான்ட் ஆகியோரின் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன; நாட்டுப்புறத்தில் குதிரைகளைக் கவர்ந்து ஆயுதம் திரட்டியதன் மூலம் அவர்கள் தாங்களே வெளிப்பட்டுவிட்டிருந்தனர். மறுநாள் காலை ஸ்டாஃபர்ட்ஷரிலுள்ள ஹோல்பீச் மாளிகையில் நடந்த மோதலில் கேட்ஸ்பியும் பெர்சியும் ரைட் சகோதரர் இருவரும் மாண்டனர்; வின்டர் தோளில் குண்டடிபட்டுப் பிடிபட்டார். ஃபாக்ஸின் வாக்குமூலத்தில் கூட்டாளிகளின் பெயர்கள் இடம்பெற்றுக் கையொப்பமான நவம்பர் 9-க்குள், அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றால் அரசுக்குப் புதிதாகக் கிடைக்கக்கூடியது அதிகமில்லை.

இந்தக் கால ஒழுங்கிலிருந்து இரண்டு முடிவுகள் எழக்கூடும். தோழர்கள் தப்புவதற்குத் தேவையான நாள்களை மௌனத்தால் வாங்கித் தந்த ஒரு போர்வீரரின் உறுதி என்பது ஒன்று. கைதியின் வாயில் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே அதிகாரிகள் எழுதிக்கொண்டனர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவது வழக்கம். அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. சித்திரவதைக்கு ஆளான ஒருவர் முதலில் விட்டுக்கொடுப்பது, எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்று கேள்வியிலிருந்தே ஊகிக்க முடிந்ததைத்தான். அந்த வகையில் கேள்வி கேட்பவர் தாம் அறிந்ததைக் கைதிக்கு அறிவித்துக்கொண்டேயிருக்கிறார். வாக்குமூலத்தின் ஒவ்வொரு படியும் அந்தந்த நாளின் அரசறிவை அளந்து காட்டும் கோலாகவும் பயன்படுகிறது.

சித்திரவதை நடந்தது என்பதற்கு மன்னரின் கடிதத்தையும் டவரின் துணைநிலை அதிகாரி வில்லியம் வாடின் கடிதங்களையும் தவிர, முக்கியமான சான்று கையொப்பமே. நவம்பர் 9 வாக்குமூலத்தின் பாடம் எழுத்தரின் தெளிவான கையில் வரிவரியாகச் செல்கிறது. அதன் அடியில் ‘கைடோ’ என்ற முதற்பெயர் மட்டும், மை படிந்தும் படியாமலும், எழுத்துகள் சிறுத்துச் சாய்ந்து, இறகுப்பேனாவைப் பிடிக்க இயலாத விரல்களின் கிறுக்கலாக நிற்கிறது. சில நாள்கள் கழித்து அவரிட்ட கையொப்பம் முழுப்பெயரோடு, திடமான எழுத்தாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே அச்சிட்டுக் காட்டாத வெடிமருந்துச் சதி நூல் அரிது. ஆனால் இந்தக் கையொப்பம் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று நிதானிக்கவேண்டும். அது அந்த உடலுக்கு நேர்ந்ததற்குச் சான்று. மேலேயுள்ள பாடம் பொய் என்பதற்குச் சான்று அல்ல. அவ்வாறே, கையொப்பம் இருப்பதனால் மட்டும் அந்தப் பாடம் கைதியின் சொல் ஆகிவிடாது. பாடத்தின் உண்மையை வேறு வழியில்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

கோக்கின் குறி

அப்படிச் சோதிக்க உதவும் வழிகளுள் சிறந்தது, வாக்குமூலத்தை வாங்கியவர்களுக்கே பிடிக்காத வரியைத் தேடுவதாகும். நவம்பர் 9 ஆவணத்திலேயே அது கிடைக்கிறது. ஐவரும் இரகசிய உறுதி எடுத்தபின், சேசு சபைக் குருவான ஜான் ஜெரார்டிடம் நற்கருணை பெற்றனர் என்று ஃபாக்ஸ் கூறுவதாக அதில் எழுதப்பட்டிருக்கிறது; அடுத்த தொடரே, அவர்களுடைய நோக்கம் ஜெரார்டுக்குத் தெரியாது என்கிறது. குற்றச்சாட்டைப் படிப்பதற்காக இத்தாளைத் தயாரித்த கோக், இந்தத் தொடரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘ஹுகூஸ்க்வே’ என்ற இலத்தீன் சொல்லை, அதாவது ‘இதுவரை’ என்று, எழுதினார். நீதிமன்றத்தில் படிப்பவர் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். குரு நற்கருணை கொடுத்தார் என்பது கேட்கப்படும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது கேட்கப்படாது.

இந்தக் குறியின் மதிப்பு கோக்கின் நேர்மைக்குறைவைக் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. சதியைச் சேசு சபையின் வேலையாக நிறுவுவதே வழக்கின் மையநோக்கமாக இருந்தபோது, அந்நோக்கத்துக்கு நேர்மாறான ஒரு வாக்கியம் அரசு எழுத்தரின் கையால் எழுதப்பட்டு, ஆணையர்களின் கையொப்பத்தோடு எஞ்சியிருக்கிறது. அதை எழுத்தர் தாமாகப் புனைந்திருக்கக் காரணமில்லை. சித்திரவதையால் வாங்கப்பட்ட இந்த ஆவணத்தில் கைதியின் சொந்தக் குரல் என்று ஐயமின்றிச் சுட்டக்கூடிய இடம் இதுவே. இது இருக்கிறது என்பதனால், எழுத்தர்கள் தங்கள் விருப்பப்படி முழு ஆவணத்தையும் கட்டியெழுப்பினார்கள் என்ற கருத்தும் வலுவிழக்கிறது. பொய்யாவணம் செய்பவர் தமக்குப் பாதகமான வரியை எழுதிவிட்டுப் பிறகு அதை மறைக்கப் பாடுபடமாட்டார். ஆக, திரிபு நடந்தது எழுதும்போதன்று, தேர்ந்தெடுத்துப் படிக்கும்போதுதான். இந்த வேறுபாடு வழக்கு முழுவதையும் வாசிக்க உதவும் திறவுகோலாகும்.

தாமஸ் வின்டர் எழுதியது

ஃபாக்ஸின் வாக்குமூலம் எழுத்தர் வழி வந்தது. தாமஸ் வின்டரினுடையது தன்மையில் எழுதப்பட்ட நீண்ட கதை. தோளில் குண்டடிபட்டிருந்த வின்டரின் கை இப்போது வலுப்பெற்றுவிட்டது, தங்களிடம் வாயால் சொன்னதை, நினைவுக்கு வருவதையும் சேர்த்து, உணவுக்குப் பின் எழுத உட்காருவார் என்று நவம்பர் 21 அன்று வாட் சாலிஸ்பரிக்கு எழுதினார். அடுத்த சில நாள்களில் அந்த எழுத்து முடிந்தது. அதன் மூலமாகக் கருதப்படும் தாள் செசில் குடும்பத்தின் ஹாட்ஃபீல்ட் மாளிகை ஆவணங்களிலும், அரசு நகல் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘வெடிமருந்துச் சதி நூல்’ என்று தொகுக்கப்பட்ட தாள்களுக்கிடையிலும் உள்ளன.

மன்னிப்புக் கிடைக்குமென்ற நம்பிக்கையில் எழுதவில்லை, தம் குற்றம் மன்னிக்கத்தக்கதன்று என்று தொடங்கும் வின்டர், 1604 தவக்காலத்தில் லாம்பெத்திலிருந்த வீட்டுக்குக் கேட்ஸ்பி தம்மை அழைத்ததையும், அங்கே ஜான் ரைட்டின் முன்னிலையில் திட்டத்தைச் சொன்னதையும் விரித்து எழுதுகிறார். தங்களுக்குத் தீங்கெல்லாம் செய்த இடம் நாடாளுமன்றமே, ஆகவே தண்டனையும் அங்கேயே நிகழட்டும் என்பது கேட்ஸ்பியின் வாதம்; திட்டம் தோற்றால் மதத்துக்கு வரும் இழிவால் பகைவர் மட்டுமன்றி நண்பர்களும் நம்மைப் பழிப்பார்களே என்பது வின்டரின் தயக்கம். பிறகு வின்டர் ஃபிளாண்டர்ஸ் சென்று, அமைதி ஒப்பந்தம் பேச வந்திருந்த காஸ்டீல் தளபதியைச் சந்தித்து, அவரிடமிருந்து உறுதியான உதவி எதுவும் கிடைக்காத நிலையில் ஃபாக்ஸை அழைத்துக்கொண்டு திரும்பினார்.

இதே நிகழ்ச்சி ஃபாக்ஸின் அச்சான அறிக்கையில் வேறு முகம் காட்டுகிறது. கடல் கடந்து கீழ்நாடுகளில் இத்திட்டத்தைத் தமக்கு முதலில் சொன்னவர் தாமஸ் வின்டர் என்றும், இங்கிலாந்துக்கு வந்தபின் தாங்கள் அதைக் கேட்ஸ்பி, பெர்சி, ரைட் ஆகியோருக்கு அறிவித்ததாகவும் அது கூறுகிறது. கேட்ஸ்பியே மூளை என்பதை ஃபாக்ஸ் மறைத்தார் என்றோ, இருவரில் ஒருவர் பொய் சொன்னார் என்றோ இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். கேட்டவர்கள் ஃபாக்ஸிடம் கேட்டது உனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதே. அவர் வந்த வழியை அவர் சொன்னார். வின்டருக்கோ தொடக்கத்திலிருந்து எழுதச் சொல்லப்பட்டது, கேட்ஸ்பியும் இறந்துவிட்டிருந்தார். இறந்தவரை முதலிடத்தில் வைப்பதால் உயிரோடிருப்பவர் எவருக்கும் தீங்கில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. கேட்ஸ்பியின் வீரத்தையும் கவர்ச்சியையும் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் எழுதப்பட்டதே.

உறுதிமொழி எடுத்த இடத்தைப் பற்றி வின்டர் எழுதும் வரி ஃபாக்ஸின் வரியோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. செயின்ட் கிளமென்ட் கோவிலுக்குப் பின்னே ஒரு வீட்டில், வேறு எவரும் இல்லாத அறையில், செபப் புத்தகத்தின்மேல் ஐவரும் ஒருவருக்கொருவர் உறுதி அளித்துக்கொண்டனர். அதன்பின்பே அடுத்த அறைக்குச் சென்று திருப்பலி கண்டு நற்கருணை பெற்றனர் என்கிறார் அவர். குரு அடுத்த அறையில் இருந்தார், உறுதிமொழி நடந்த அறையில் இல்லை. தனித்தனியே காவலில் இருந்த இருவர் வெவ்வேறு வடிவில் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். கோக் நீதிமன்றத்தில் மறைக்கவிருந்த செய்தியின் சாரத்தை, அரசே வின்டரின் வாக்குமூலத்தை அச்சிட்டபோது வெளியிட்டுவிட்டது.

சுரங்கம் பற்றிய பகுதியே இந்த ஆவணத்தில் கடினமானது. கிடங்கு கிடைப்பதற்கு முன், 1604 கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு பெர்சியின் வீட்டிலிருந்து நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தை நோக்கித் தோண்டத் தொடங்கியதாகவும், கனத்த கற்சுவர் எதிர்ப்பட்டதாகவும் வின்டர் எழுதுகிறார். வெளியே ஆள் அனுப்பும் தேவை குறையட்டும் என்று சுட்ட இறைச்சிப் பண்டங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததையும், ஃபாக்ஸ் காவல் நிற்க மற்றவர்கள் வேலை செய்ததையும் அவர் சொல்கிறார். பிறகு மேலே சரக்கு சரியும் ஓசை கேட்டு, போய்ப் பார்த்தபோது நிலக்கரி விற்கும் கிடங்கு இருப்பது தெரிந்து, சுரங்கத்தைக் கைவிட்டனர். ஆனால் அத்தகைய சுரங்கத்தின் தடம் எதுவும் எவராலும் காட்டப்பட்டதில்லை. தோண்டிய மண் எங்கே போயிற்று, அரண்மனை வளாகத்தில் மாதக்கணக்கில் கேட்ட ஓசையை எவரும் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்விகளும் நிற்கின்றன. ஃபாக்ஸும் தொடக்க விசாரணைகளில் சுரங்கத்தைக் குறிப்பிடவில்லை; பின்னர்தான் அது பேச்சில் வருகிறது.

சுரங்கம் அரசின் கற்பனை என்று சொல்பவர்கள் இதையே முதற்சான்றாகக் காட்டுகின்றனர். இங்கே கட்டுரையின் முடிவு வேறு. முழு வெடிமருந்தும் ஆளும் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கும்போது, நிரூபிக்க முடியாத ஒரு சுரங்கத்தைப் புனைவதால் அரசுக்குக் கிடைக்கும் ஆதாயம் தெளிவாக இல்லை. மாறாக, வாடகை வீட்டில் தொடங்கிச் சில அடி ஆழமே சென்று கைவிடப்பட்ட ஒரு முயற்சி, சொல்லும்போதும் எழுதும்போதும் அச்சிடும்போதும் படிப்படியாகப் பெருத்திருக்க வாய்ப்பு அதிகம். சுட்ட இறைச்சியைப் பற்றிய அந்தச் சிறு செய்தி எந்தக் குற்றத்தையும் நிறுவ உதவாதது. கேட்கப்படாமல் நினைவிலிருந்து வந்த செய்திக்குரிய தன்மை அதில் இருக்கிறது.

அச்சேறிய பிரதி

ஃபாக்ஸின் அறிக்கையும் வின்டரின் எழுத்தும், மன்னரின் நாடாளுமன்ற உரையோடும் சதி வெளிப்பட்ட வரலாற்றோடும் சேர்த்து, ‘மன்னர் நூல்’ என்று பின்னர் அழைக்கப்பட்ட சிறுநூலாக வெளிவந்தன. வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்பே வாக்குமூலங்கள் மக்கள் கையில் அச்சாகப் புழங்கின என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். அந்நூலில் கடிதத்தின் மறைபொருளைக் கண்டுபிடித்த பெருமை மன்னருக்கு அளிக்கப்பட்டது. வாக்குமூலங்கள் அந்தக் கதைக்குச் சான்றுரைகளாயின.

விசாரணைக்கு முன் சாலிஸ்பரி கோக்குக்கு எழுதிய குறிப்பு, இந்தச் சான்றுரைகள் எவ்வாறு கையாளப்படவேண்டுமென்று அரசு விரும்பியது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. மன்னரின் கடுமையால் மனமுடைந்தே கத்தோலிக்கர்கள் இதில் இறங்கினர் என்ற பேச்சை மறுத்து, அவர் ஆட்சிக்கு வருமுன்பே சதி தொடங்கிவிட்டது என்று காட்டவேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தைச் சதிகாரர் எவரும் எழுதவில்லை என்று உறுதியாகச் சொல்லவேண்டும். மான்டீகிள் பிரபுவைப் புகழவேண்டும். பிரஸ்ஸல்ஸில் பாதுகாப்பாக இருந்த ஹியூ ஓவன் என்ற கத்தோலிக்க உளவாளியை இயன்ற அளவு கறைப்படுத்தவேண்டும் என்பன அதிலுள்ள அறிவுரைகள். இந்த நான்கையும் மனத்தில் வைத்து வாக்குமூலங்களுக்குத் திரும்பினால், ஓவனும் ஸ்பெயினும் வரும் பத்திகளை எச்சரிக்கையோடும், ஜெரார்டையும் அடுத்த அறையையும் பற்றிய வரிகளை நம்பிக்கையோடும் படிக்கவேண்டியிருப்பது விளங்கும்.

வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றவரும் உண்டு. நவம்பர் 12 அன்று கைதான ஃபிரான்சிஸ் டிரெஷம், சேசு சபையின் ஆங்கிலத் தலைவர் ஹென்றி கார்னெட்டுக்கு முந்தைய ஸ்பானிய முயற்சியில் பங்குண்டு என்று சொல்லியிருந்தார். டிசம்பர் 23 அன்று நோயால் டவரில் இறக்குமுன் அதை மறுத்து ஒரு தாள் எழுதச்செய்து கையொப்பமிட்டார். கார்னெட்டைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்க்கவே இல்லை என்று அதில் கூறியது உண்மையன்று. கோக் அதையே பிடித்துக்கொண்டு, மரணப் படுக்கையிலும் பொய் சொல்லக் கற்பிப்பவர்கள் சேசு சபையினர் என்று கார்னெட்டின் வழக்கில் வாதாடினார். சித்திரவதையில் சொன்னது பொய்யாகவும், சாவின் விளிம்பில் சொன்னது மெய்யாகவும் இருக்கும் என்ற பொது நம்பிக்கையை டிரெஷமின் தாள் தலைகீழாக்குகிறது. நண்பரைக் காக்கும் பாசமும் ஒரு வகை நெருக்குதலே.

விளக்கங்கள் மாறிய விதம்

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இந்த வாக்குமூலங்கள் நவம்பர் 5 நன்றிவழிபாட்டின் பின்னணியில், ஐயமின்றியே படிக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஜார்டின் அரசுத் தாள்களை மூலத்தில் ஆராய்ந்தபோதுதான் அடிக்கோடுகளும் விடுபாடுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. 1897-இல் சேசு சபையைச் சேர்ந்த ஜான் ஜெரார்ட், அதாவது 1605-இன் குருவின் பெயரையே கொண்ட வேறொருவர், வெடிமருந்துச் சதி என்பது உண்மையில் என்ன என்று கேட்கும் நூலை வெளியிட்டு, அரசுக் கதை முழுவதையும் சந்தேகத்துக்குள்ளாக்கினார். அதே ஆண்டிலேயே ஸ்டூவர்ட் கால வரலாற்றின் பேரறிஞரான எஸ். ஆர். கார்டினர் விடை நூல் எழுதினார். வாக்குமூலங்களைத் தேதிவாரியாக நிறுத்தி, ஒவ்வொரு நாளிலும் அரசுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒப்பிட்டு, அரசு தேடித் தடுமாறிய விதமே சதி புனையப்பட்டதன்று என்பதற்குச் சான்று எனக் கார்டினர் காட்டிய முறை, இன்றும் மிஞ்சப்படாதது. எல்லாவற்றையும் முன்பே அறிந்த அரசு, பெர்சியை மட்டும் தேடும் அறிவிப்பை நவம்பர் 5-இல் வெளியிட்டிருக்காது.

20-ஆம் நூற்றாண்டில் ஐயம் வின்டரின் கையொப்பத்தில் குவிந்தது. குடும்பப் பெயரை ‘வின்டூர்’ என்று எழுதுவதே அவர் வழக்கம். ஹாட்ஃபீல்ட் தாளில் ‘வின்டர்’ என்றிருக்கிறது. ஃபிரான்சிஸ் எட்வர்ட்ஸ் உள்ளிட்டோர் இதை வைத்து ஆவணமே போலி என்று வாதிட்டனர். 1991-இல் மார்க் நிக்கல்ஸ் விசாரணையின் நடைமுறையை முழுமையாக ஆராய்ந்து, ஆவணத்தின் உண்மைத்தன்மையை மீண்டும் நிலைநாட்டினார். வின்டரின் கையைப் போலவே முழு நீளத் தாளையும் எழுதவல்ல ஒருவர், கடைசியில் பெயரில் மட்டும் தவறினார் என்று கொள்வது கடினம். காயம்பட்ட தோளும், தம்மை விசாரிப்பவர்கள் எழுதும் வடிவைப் பின்பற்றும் கைதியின் நிலையும் அதற்குப் போதுமான விளக்கம் தரக்கூடியவை. ஆயினும் அந்த எழுத்து தன்னிச்சையானதன்று. வாயால் முன்பே சொல்லப்பட்டதை எழுதித் தந்தது என்பதை வாடின் கடிதமே சொல்லிவிடுகிறது. முதல் சொல்லல் நமக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருப்பது இரண்டாவது.

1606 ஜனவரி 27 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் எட்டுப் பேர் நிறுத்தப்பட்டனர். குற்றப்பத்திரிகை, கார்னெட்டும் டெசிமண்டும் ஜெரார்டும் ஆகிய மூன்று குருமாரோடு கூடிக் கலந்தே சதிகாரர்கள் திட்டமிட்டனர் என்று தொடங்கியது. எவரார்ட் டிக்பி தவிர ஏனையோர் குற்றவாளியல்ல என்றனர். அவர்களுள் ஃபாக்ஸும் ஒருவர். கையும் களவுமாகப் பிடிபட்டு, ஒப்புக்கொண்டும் இருக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது எவ்வாறு என்று கேட்கப்பட்டபோது, குற்றப்பத்திரிகையில் கூறப்பட்ட சில கலந்தாய்வுகள் குறித்தே அவ்வாறு மறுத்ததாகவும், அவை தமக்குத் தெரியாதவை என்றும் அவர் விடையளித்தார். இது அவருடைய அறிவின் எல்லையைப் பற்றிய கூற்று மட்டுமே. கேட்ஸ்பியின் பாவசங்கீர்த்தனம் வழியாக டெசிமண்டும், அவர் வழியாகக் கார்னெட்டும் ஓரளவு அறிந்திருந்தனர் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் கேள்வித்தாளும் எழுத்தரும் இடைநில்லாமல், திறந்த மன்றத்தில் ஃபாக்ஸ் சொன்ன இந்த வாய்மொழி, நவம்பர் 9-இல் கோக் அடிக்கோடிட்டு நிறுத்திய தொடரோடு முற்றிலும் இசைகிறது. அதற்கு அரசுத் தரப்பு தந்த மறுமொழியையும் அதிகாரபூர்வ அறிக்கையே பதிவுசெய்திருக்கிறது: இத்தகைய திட்டம் உறுதிப்படுமுன் அத்தகைய கலந்தாய்வுகள் நடந்திருக்கவே வேண்டும் என்று கருதி, சட்ட நடைமுறைப்படி அவை எழுதப்பட்டன என்பதே அந்த மறுமொழி.